காயத்துக்குப் பென்ஷன் உண்டு, கூட இருப்பவருக்கு விடுப்பு இல்லை: ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

கேள்வி

1999ஆம் ஆண்டு கார்கில் போரில் இந்தியத் தரப்பில் 527 பேர் உயிரிழந்தனர் என்பது அரசுக் கணக்கு. காயமுற்றோர் 1,363 பேர். இறந்தவர்களின் பெயர்கள் திராஸ் நினைவிடச் சுவரில் இருக்கின்றன. பலருக்குச் சொந்த ஊரில் சிலையோ, பெயர் தாங்கிய தெருவோ, பள்ளிக்கூடத்தில் மாட்டிய படமோ உண்டு. காயமுற்றவர்களை ஊர் அப்படி நினைவில் வைப்பதில்லை. அவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள், அங்கே நாட்கணக்கிலும் மாதக்கணக்கிலும் படுத்திருந்தார்கள், பிறகு வீடு திரும்பினார்கள். பலத்த காயம் பட்டவர் பக்கத்தில் அந்தக் காலம் முழுவதும் யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும். அது மனைவியாக இருக்கலாம். அம்மா, அண்ணன், தங்கை யாராகவும் இருக்கலாம். அந்த ஒருவருக்கும் ஒரு வேலை இருந்திருந்தால், அந்த வேலை என்ன ஆனது?

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைத்தான் ஆராய்கிறது. படையில் காயமுற்றவரைப் பார்த்துக்கொள்ளும் உறவினர், தன் வேலையை இழக்காமல் அவர் பக்கத்தில் இருக்க நம் சட்டத்தில் வழி உண்டா? போர் நடந்தால்தான் இந்தக் கேள்வி எழும் என்பதில்லை. பயிற்சியில் விழுவது, மலைப்பாதையில் ராணுவ லாரி கவிழ்வது, சியாச்சினில் பனிக்கடியில் விரல்கள் போவது என அமைதிக் காலத்திலும் காயங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. மதுரை - தென்காசிச் சாலையில் சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இவ்விரண்டும் ராணுவ ஊர்கள் என்று பெயர் பெற்றவை அல்ல, உழைப்பாளர் ஊர்கள். 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து பெருகிய நூற்பாலைகள், சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதியின் விசைத்தறிகள், ஸ்ரீவில்லிபுத்தூரின் கைத்தறி, கடைகள், சுற்றுவட்டாரத் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகள் என்று வீட்டில் ஆணும் பெண்ணும் கூலிக்கோ சம்பளத்துக்கோ போகும் வட்டாரம் இது. இங்கிருந்து ஒரு பையன் பட்டாளத்துக்குப் போனால், பின்னால் இருக்கும் குடும்பம் ஷிஃப்ட் கணக்கில் வாழும் குடும்பமாகவே பெரும்பாலும் இருக்கும். விடுப்புச் சட்டம் எந்த இடத்தில் தாங்குகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதை இத்தகைய ஊரில்தான் தெளிவாகப் பார்க்க முடியும்.

இதுவரையான புரிதல்

காயமுற்ற படைவீரரைப் பற்றி நமக்கு நீண்ட மரபு ஒன்று இருக்கிறது. முதல் உலகப்போரில் ஊனமுற்ற சிப்பாய்களுக்காகப் பம்பாயில் 1917இல் தொடங்கிய குவீன் மேரிஸ் தொழிற்பயிற்சி நிலையம் பின்னர் புனேக்கு மாறியது. அதே நகரில் 1944இல் செயற்கை உறுப்பு மையமும், அருகே கிர்க்கியில் 1974இல் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட வீரர்களுக்கான மறுவாழ்வு மையமும் வந்தன. முன்னாள் படைவீரருக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003இல் வந்தது. 1949 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 அன்று கொடிநாள் நிதி திரட்டுகிறோம். இவை அனைத்தும் மதிக்கத்தக்க ஏற்பாடுகள். ஆனால் இவை முதன்மையாகப் பார்ப்பது வீரரையே. குடும்பம் இந்த மரபுக்குள் முன்னுக்கு வருவது பெரும்பாலும் வீரர் இறந்த பிறகு, விதவையாகவும் அநாதைக் குழந்தையாகவும். உயிரோடு காயமுற்றுக் கிடப்பவரைப் பராமரிக்கும் குடும்பத்துக்கு அதில் தனியிடம் இல்லை.

தொழிலாளர் சட்ட மரபு இன்னொரு பக்கம் நிற்கிறது. தொழிற்சாலைகள் சட்டமும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும், அதாவது நாம் இ.எஸ்.ஐ. என்று சொல்லும் சட்டமும், 1948இல் வந்தவை. இவற்றில் விடுப்பு என்பது உழைப்பவரின் சொந்த உடம்பைச் சார்ந்தது. உழைத்த உடம்புக்கு ஓய்வு, தனக்கு நோய் வந்தால் ஓய்வு, தான் பிள்ளை பெற்றால் ஓய்வு. வேறொருவர் உடம்பைப் பேணுவதற்கான நாட்கள் என்ற எண்ணமே அந்தச் சட்டங்களில் இல்லை.

இவ்விரண்டையும் கேள்விக்கு உட்படுத்தும் மூன்றாவது பார்வை, பராமரிப்பையும் உழைப்பாக எண்ணிப் பார்ப்பது. குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 156ஆவது உடன்படிக்கை (1981), குடும்பப் பொறுப்பு என்ற ஒன்றையே காரணமாக்கி ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. இந்தியா இதை ஏற்று ஒப்பமிடவில்லை. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதத்தினர் வீட்டாரைப் பேணும் வேலையில் ஈடுபட்டிருந்தனர். ஆண்களில் அது 21.4 சதவீதம். படைவீரர் காயமுற்றால் வேலையை விட்டுவிட்டுப் போய் உட்காரப்போவது யார் என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

முதல் மரபு பாதுகாப்பு அமைச்சகத்தின் கோப்புகளில் இருக்கிறது. இரண்டாவது தொழிலாளர் துறையுடையது. மில்லில் வேலை பார்க்கும் படைவீரர் மனைவி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். பராமரிப்பவர் என்ற முறையில் இரு துறைகளில் எதற்கும் அவர் பயனாளி அல்லர்.

மில் கணக்கில் 12 நாள்

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி, ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்த ஆலைத் தொழிலாளிக்கு அடுத்த ஆண்டில் 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்பு இருந்தது. 240 நாளுக்கு 12 நாள். 300 நாள் வேலைக்குப் போயிருந்தால் 15 நாள். எடுக்காத விடுப்பை 30 நாள் வரை சேர்த்துக்கொண்டு போகலாம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், தகுதி நாட்களை 240இலிருந்து 180ஆகக் குறைத்தது. அது நல்ல மாற்றம். ஆனால் 20க்கு ஒன்று என்ற விகிதம் மாறவில்லை.

ராஜபாளையத்திலிருந்து புனே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மதுரைக்குப் போய் ரயில் பிடித்துப் போக வரவே அந்த 12 நாளில் ஏறத்தாழ நான்கு நாள் போய்விடும். பழைய சட்டம் இன்னொன்றும் கேட்டது. விடுப்பு வேண்டுபவர் 15 நாளுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். தனக்கே நோய் என்றால் அந்த நிபந்தனை தளரும்; புருஷனுக்கோ மகனுக்கோ அடிபட்டது என்றால் தளர்வு இல்லை. காயச் செய்தி 15 நாள் முன்னறிவிப்போடு வருவதில்லை.

விடுப்பு தீர்ந்த பிறகு நடப்பதுதான் இன்னும் முக்கியம். மத்திய மாதிரி நிலையாணைகளின்படி, அனுமதித்த விடுப்பு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பி வந்து முதலாளி ஏற்கும் விளக்கம் தராதவர், அந்த வேலையின் மீதான உரிமையை இழக்கிறார். பத்து நாளுக்கு மேல் சொல்லாமல் வராமல் இருப்பதை அவை ஒழுங்கீனங்களில் ஒன்றாகவும் வைத்துள்ளன. டி.கே. யாதவ் வழக்கில் (1993) உச்ச நீதிமன்றம், இப்படி எட்டு நாள் வரவில்லை என்று விசாரணை இன்றிப் பெயரை நீக்குவது இயற்கை நீதிக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே ராபர்ட் டிசோசா வழக்கில் (1982), வரவில்லை என்று பெயரை அடிப்பதும் ஆட்குறைப்புதான் என்று சொல்லியிருந்தது. இரண்டும் பெரிய தீர்ப்புகள். ஆயினும் அவை தருவது விசாரணைக்கான உரிமையைத்தான்; காயமுற்றவர் பக்கத்தில் இருந்தேன் என்பது போதுமான காரணமா என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. புதிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமோ, நிலையாணைகள் கட்டாயமாகும் வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக்கிவிட்டது.

நீதிமன்றம் வரை போகிறவர்கள் சிலரே. மில் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழி வேறு: 'கணக்கை முடிச்சுக்கோ, வந்த பிறகு புதுசாச் சேர்ந்துக்கலாம்.' கேட்க இரக்கமாகத் தோன்றும் இந்த வழியில் என்னென்ன போகிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவர் நிரந்தரம் பெற வேண்டும். அனுமதிக்கப்பட்ட விடுப்பு அந்தத் தொடர்ச்சியை அறுக்காது. கணக்கை முடித்தால் அறுந்துவிடும். பணிக்கொடைக்கான ஐந்தாண்டுக் கணக்கும் மறுபடி முதல் நாளிலிருந்து ஓடும். ஒன்பது, பத்து வருடம் நூற்பு இயந்திரத்தில் சைடு பார்த்த கையும் சேர்ந்த அன்றைக்குப் புதுக் கைதான்.

ஆள் இல்லாமல் மில் ஓடாது என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். நூற்பாலைகளின் வரலாறே அதை மறுக்கிறது. வராதவர் இடத்தில் ஆள் போடுவதற்கென்றே பதிலிப் பட்டியல் என்ற ஒன்றை ஆலைகள் தலைமுறைகளாக வைத்திருந்தன. நிரந்தரத்தைத் தள்ளிப்போட அது பயன்பட்டது என்பது உண்மை. ஆனால் ஒருவர் மாதக்கணக்கில் இல்லாதபோதும் அவர் இடத்தை அவருக்கே வைத்துக்கொண்டு இயந்திரத்தை ஓட்ட முடியும் என்பதற்கும் அதுவே சான்று.

அரசு ஊழியர் நிலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசுப் பள்ளி ஆசிரியையின் கணவர் எல்லையில் காயமுற்றார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆசிரியைக்கும் 'காயமுற்ற கணவரைப் பார்க்க' என்ற பெயரில் ஒரு விடுப்பு கிடையாது. மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு; அதுவும் குழந்தைக்கு மட்டுமே. ஆனாலும் அந்த ஆசிரியை ஈட்டிய விடுப்பு, சொந்த அலுவல் காரணமான ஈட்டா விடுப்பு, கடைசியில் சம்பளமில்லா விடுப்பு என்று ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் காலத்தைக் கடத்திவிடுவார். சம்பளம் போகும், நாற்காலி இருக்கும். மில் தொழிலாளிக்கு அந்த நாற்காலியே போய்விடுகிறது.

பேண்டேஜ் நெய்யும் ஊர்

சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதி மருத்துவத் துணிக்குப் பெயர் பெற்றது. நெருக்கமில்லாமல் நெய்த பேண்டேஜ் துணியும், புண்ணில் வைக்கும் காஸ் துணியும் இங்கே விசைத்தறியில் ஓடி, வெளுத்து, வெட்டி, சுருட்டி நாட்டின் பல பகுதி மருத்துவமனைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகின்றன. தறி ஓடினால்தான் கூலி. ஓடிய அளவுக்குத்தான் கூலி. ஒருவர் பல தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருப்பார். பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏறும்வரை கூலி இல்லை.

மில்லுக்காவது 12 நாள் என்ற கணக்கு உண்டு. தறிக்கூடத்தில் அதுவும் பெரும்பாலும் காகிதத்தில்தான். மின்விசை கொண்டு ஓடும் கூடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தொழிற்சாலை என்பதற்கான எண்ணிக்கையை 20 ஆக்கியது. மின்விசை இல்லாத இடத்தில் 40. நாலு பேர், ஆறு பேர் வேலை பார்க்கும் சிறு கூடங்கள் இந்த எல்லைக்கு வெளியே நிற்கின்றன. கூலி உயர்வுக்காக இந்தத் தொழிலாளர்கள் பலமுறை வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தம் கண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சுகளில் கூலியும் போனசும் முன்னுக்கு வருகின்றன. பராமரிப்பு விடுப்புக்கு இடம் கிடைப்பதில்லை. அன்றாடக் கூலியே போதாதபோது வேலைக்குப் போகாத நாளுக்கான உரிமையை யார் முதலில் கேட்பார்கள்? அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது.

காயத்துக்குக் கட்டும் துணியை நெய்கிறவர் வீட்டில் ஒருவர் காயமுற்றால், அந்தக் கட்டை மாற்றப் பக்கத்தில் இருக்கும் நாளுக்கு அவருக்கு ஒரு பைசா வராது, போன இடம் காத்திருக்கும் என்ற உறுதியும் கிடையாது. இந்த வட்டாரத்தைப் பற்றி நான் சொல்ல விரும்பும் விஷயங்களில் இதுவே என்னை மிகவும் வருத்துவது.

படை தருவதும் தராததும்

ராணுவ மருத்துவம் வீரரை நன்றாகவே கவனிக்கிறது. அபாய நிலையில் உள்ளோர், கடும் நோயுற்றோர் என்று பட்டியல் வைத்து வீட்டுக்குத் தகவல் அனுப்புகிறார்கள். நெருங்கிய உறவினர் வந்து பார்ப்பதற்கான பயணச் சலுகைக்கும் விதிகளில் இடம் உண்டு. சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது.

முதுகுத்தண்டு அடிபட்டவரைப் பார்த்துக்கொள்வது எப்படி என்பதைச் சற்றுப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். உணர்ச்சி இல்லாத இடம் என்பதால் அவருக்கே தெரியாது, பார்க்கிறவர் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிறுநீரைக் குழாய் வைத்து நேரம் தவறாமல் எடுக்க வேண்டும். கை சுத்தம் குறைந்தால் தொற்று சிறுநீரகம் வரை போகும். மலம் கழிக்க வைப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றத் தோளை எப்படிக் கொடுப்பது என்றும் கற்றுக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் நர்சும் பிசியோதெரபிஸ்டும் குடும்பத்தில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்ப முடியும். பக்கத்தில் இருக்கும் உறவினர் பார்வையாளர் அல்லர். சிகிச்சையின் ஒரு பகுதி. காலை இழந்தவருக்குச் செயற்கைக் கால் பொருத்தவும் ஒரே பயணம் போதாது. தலையில் அடிபட்டவருக்கு வெளியே காயம் ஆறிய பிறகும் மறதியும் கோபமும் இருக்கும்; தனியே விட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போக முடியாது.

இதற்கு நம் விதிகளில் உள்ள ஒரே நேரடி ஏற்பாடு, இடைவிடா உதவியாளர் படி. நூறு சதவீத ஊனம், மருத்துவக் குழுவின் பரிந்துரை என்ற நிபந்தனைகளோடு, ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் மாதம் 6,750 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அகவிலைப்படி 50 சதவீதம் உயரும்போது இது 25 சதவீதம் கூடும். இது ஓய்வூதியத்தோடு சேர்ந்து வருவது. அதாவது வீரர் படையிலிருந்து விலகிய பிறகே கிடைக்கும். அவர் இன்னும் பணியில் இருந்துகொண்டு மருத்துவமனையில் கிடக்கும் அந்த முதல் மாதங்களுக்கு, குடும்பத்தார் வேலையை விட்டுவிட்டு ஓடிவரும் அதே மாதங்களுக்கு, இது பொருந்தாது. 75 சதவீத ஊனம் உள்ளவருக்கு எப்போதுமே பொருந்தாது.

2022இல் வந்த அக்னிபத் திட்டம் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியிருக்கிறது. அக்னிவீரர்கள் திருமணமாகாதவர்களாகச் சேர்கிறார்கள். நான்கு ஆண்டுப் பணிக்காலத்தில் மணம் செய்துகொள்ளவும் கூடாது. பணியால் ஊனமுற்றால் 100, 75, 50 சதவீதத்துக்கு முறையே 44, 25, 15 லட்சம் ரூபாய் ஒரே தடவையாகக் கிடைக்கும். எஞ்சிய பணிக்காலச் சம்பளமும் உண்டு. ஊன ஓய்வூதியம் இல்லை. எனவே இவர்களில் ஒருவர் காயமுற்றால் பார்த்துக்கொள்ள மனைவி இருக்க மாட்டார். 20 வயதுப் பையனின் பக்கத்தில் உட்காரப்போவது நாற்பதுகளில் இருக்கும் அம்மாவோ அப்பாவோ, அல்லது அக்காவோ அண்ணனோ. உழைத்துச் சம்பாதிக்கும் வயதில் இருப்பவர்கள். இ.எஸ்.ஐ.யில் 'குடும்பம்' என்ற வரையறை கணவன் மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், பெற்றோர் என்று போகிறது. வளர்ந்த உடன்பிறப்பு அதில் இல்லை. தம்பிக்காக மில்லை விட்டு வந்த அக்காவைச் சட்டம் உறவாகவே பார்க்காது.

அமெரிக்காவின் 26 வாரம்

இதே கேள்விக்குச் சட்டத்தால் பதில் சொல்ல முயன்ற நாடு அமெரிக்கா. அங்கே 1993ஆம் ஆண்டுக் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் பொதுவாக 12 வாரம் தருகிறது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் காயமுற்றவர்களை வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை நடத்திய விதம் 2007இல் பெரும் சர்ச்சையானது. அதையடுத்து பாப் டோல், டோனா ஷலேலா தலைமையில் குழு ஒன்றை அமைத்தார்கள். காயமுற்ற வீரர்களிடம் அந்தக் குழு நடத்திய விசாரணையில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்காக உறவினரோ நண்பரோ வேலையையே விட்டிருந்தது தெரிந்தது. 2008 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டது. காயமுற்ற படைவீரரைப் பார்த்துக்கொள்ளும் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, நெருங்கிய ரத்த உறவு ஆகியோருக்கு 12 மாதத்துக்குள் 26 வாரம் விடுப்பு உண்டு. திரும்பி வந்தால் அதே வேலை அல்லது அதற்கு ஈடான வேலை தர வேண்டும். அடுத்த ஆண்டிலேயே முன்னாள் வீரர்களின் குடும்பங்களையும் சேர்த்தார்கள். 2010இல் தனிச் சட்டம் ஒன்றின் வழியே பராமரிக்கும் உறவினருக்கு மாத உதவித்தொகையும் வந்தது.

குறைகளும் உண்டு. 26 வாரமும் சம்பளமில்லாதது. 50 பேருக்குக் குறைவான நிறுவனங்களைச் சட்டம் தொடாது. ஓராண்டில் 1,250 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். அப்படியே பெயர்த்தெடுத்து இங்கே வைத்தால், சத்திரப்பட்டியின் சிறு தறிக்கூடங்கள் மொத்தமும் வெளியே போய்விடும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு என்று நினைக்கிறேன். முதலாவது, வேலைக்குத் திரும்பும் உரிமையைச் சம்பளக் கேள்வியிலிருந்து பிரித்து முன்னே வைத்தது. இரண்டாவது, 'நெருங்கிய ரத்த உறவு' என்று வாசலைப் பெரிதாக்கியது.

முதலாளியை இதற்குக் கட்டுப்படுத்துவது இந்தியச் சட்டத்துக்குப் புதிதும் அல்ல. பிராந்திய ராணுவச் சட்டத்தில் (1948), பணிக்கு அழைக்கப்பட்டுத் திரும்பும் தொழிலாளியை மீண்டும் வேலையில் வைத்துக்கொள்ள வேண்டிய கடமை முதலாளிக்கு உண்டு. படைக்குப் போனவருக்காக வேலையைக் காத்து வைக்கலாம் என்றால், படையில் அடிபட்டவர் பக்கத்தில் இருக்கப் போனவருக்காகவும் காத்து வைக்கலாம்.

படைவீரர் வீட்டுக்கு மட்டுமா?

இதற்கு எதிரான வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. இதே விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை விபத்துகளில் தொழிலாளர்கள் தீக்காயமுற்று மருத்துவமனைகளில் கிடக்கிறார்கள். அவர்கள் பக்கத்திலும் வேலையை விட்ட ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சிப்பாய் வீட்டுக்கு மட்டும் விடுப்பு தருவது, ஒரு காயத்தைவிட இன்னொரு காயம் உயர்ந்தது என்று சொல்வது ஆகாதா?

இந்த வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. காயமுற்றவர் படும் வலியில் உயர்வு தாழ்வு இல்லை. பொதுவான பராமரிப்பு விடுப்பு ஒன்று எல்லாத் தொழிலாளருக்கும் வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. பிரிட்டன் 2024 ஏப்ரலிலிருந்து ஒரு வாரம், சம்பளமில்லாமலாவது, எல்லோருக்கும் தருகிறது. ஜப்பானில் 93 நாள் தருகிறார்கள். வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து 67 சதவீத ஊதியமும் வருகிறது. மாற்றுத்திறனுள்ள பிள்ளையின் தாயான கல்லூரி ஆசிரியை ஷாலினி தர்மானியின் வழக்கில் (2024) உச்ச நீதிமன்றம், பெண்கள் வேலையில் பங்கேற்பது சலுகையல்ல, அரசியல் சட்டம் தரும் உரிமை என்று சொன்னது. அந்த நியாயம் அரசு ஊழியரோடு நின்றுவிட வேண்டியதில்லை.

ஆனாலும் படைவீரர் வீட்டுக்குக் கூடுதல் காலம் கேட்க மூன்று காரணங்கள் உண்டு. ஆபத்தான இடத்துக்கு அவரை அனுப்பியது அரசே. ஆகவே பொறுப்பாளி யார் என்று தேட வேண்டியதில்லை. சிகிச்சை நடக்கும் இடத்தைக் குடும்பம் தேர்ந்தெடுக்க முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு மதுரை மருத்துவமனை என்றால் இரவு வந்து பகல் போகலாம், புனே என்றால் முடியாது. கடைசியாக, இக்காயங்கள் இளம் வயதில் வருபவை. முதல் சில மாதங்களின் பராமரிப்பே பல பத்தாண்டுகளின் உடல்நிலையைத் தீர்மானிக்கும். எனவே பொதுவாக எல்லோருக்கும் ஒரு அளவு, படையினர் வீட்டுக்கு அதைவிட நீண்ட அளவு என்ற அமைப்பே சரியானது. அதில் எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை வீரர்களின் குடும்பங்களையும் சேர்க்க வேண்டும். அமைச்சகம் வேறு என்பதால் காயம் வேறாகிவிடாது.

கூலியை யார் கொடுப்பது?

திரும்பும் உரிமை மட்டும் போதாது. சம்பளமில்லாத ஆறு மாதம், கூலி வீட்டுக்கு எடுக்க முடியாத ஆறு மாதம். அதேசமயம் ஆறு தறி வைத்திருப்பவர் தலையில் அந்தச் சுமையை வைப்பதும் நடக்காத காரியம். வைத்தால் படைவீரர் வீட்டாரை வேலைக்கே எடுக்க மாட்டார்கள்.

பராமரிப்பவரின் நேரத்துக்கு விலை போட நம் சட்டத்துக்குத் தெரியும். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. நாடெங்கும் இத்தகைய நீதிமன்றங்களில் நடக்கும் சாலை விபத்து வழக்குகளில், உதவியாளர் செலவு என்று தனித் தலைப்பில் இழப்பீடு கணக்கிடுகிறார்கள். காஜல் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம், நூறு சதவீத ஊனமுற்ற சிறுமிக்கு இரண்டு உதவியாளர் என்று கொண்டு, இருவருக்குமாக மாதம் 10,000 ரூபாய் வீதம் 18 ஆண்டுப் பெருக்கத்தில் 21,60,000 ரூபாய் அந்தத் தலைப்பில் மட்டும் வழங்கியது. மதுரை சாலையில் பஸ் மோதியவரின் பக்கத்தில் உட்காருபவரின் நேரத்துக்கு மதிப்பு இருக்கிறது. காஷ்மீர்ச் சாலையில் ராணுவ லாரியோடு கவிழ்ந்தவரின் பக்கத்தில் உட்காருபவரின் நேரத்துக்கு இல்லை.

வழி இ.எஸ்.ஐ.யில் இருக்கிறது. காப்பீட்டாளருக்கே நோய் என்றால் 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் தரும் நோய்க்காலப் பயனை, காயமுற்ற படைவீரரைப் பராமரிப்பவருக்கும் நீட்டலாம். அதற்கான தொகையைப் பாதுகாப்பு வரவுசெலவிலிருந்து இ.எஸ்.ஐ. கழகத்துக்கு ஈடு செய்யலாம். ஓராண்டில் இப்படிக் கோருவோர் நாட்டின் மொத்தக் காப்பீட்டாளரில் மிகச் சிறு பகுதியாகவே இருப்பார்கள். இ.எஸ்.ஐ. வராத தறிக்கூடத் தொழிலாளருக்கு, கொடிநாள் நிதியிலிருந்தும் விசைத்தறி நல வாரியத்தின் வழியாகவும் மாநிலமே தர முடியும். தொழிலாளர் விவகாரம் பொதுப் பட்டியலில் உள்ளது. தில்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கடை ஊழியருக்கு உட்காரும் உரிமையை 2021இல் சட்டமாக்கிய மாநிலம் இது. 12 நாள் விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு என்று 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கும் வரிசையில் இன்னொரு விடுப்பைச் சேர்ப்பது மாநிலச் சட்டமன்றத்தின் கைக்கு எட்டிய செயல்.

சான்று யார் தருவது என்ற கேள்வி இதில் எளிதானது. அபாயப் பட்டியலில் வீரரின் பெயரை ராணுவ மருத்துவமனை ஏற்கெனவே எழுதுகிறது, வீட்டுக்கும் தெரிவிக்கிறது. விருதுநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. மருத்துவமனை அனுப்பும் அந்தத் தகவலில், கூட இருக்க வேண்டிய உறவினரின் பெயருக்கும் உத்தேச காலத்துக்கும் இரண்டு வரி சேர்த்து, நல அலுவலகம் வழியாக மில் மேலாளருக்கும் இ.எஸ்.ஐ. கிளைக்கும் நகல் போனால் போதும். செய்தி கேட்ட இரவே மதுரைக்குப் பஸ் ஏறும் பெண், விடுப்புக் கடிதம் எழுதக் காகிதம் தேட வேண்டியிருக்காது.